பச்சை வேர்

"இந்த வெயில்ல பிள்ளையத் தூக்கிட்டு வந்திருக்கியே, செல்லத்தாயி."

"விடியக்காலம் பிடிச்ச அழுகைக்கா. வயிறு கல்லாக் கெடக்கு. பேர் சொல்லாததுல ஒரு துண்டு கொடுங்க, போயிருறேன்."

வசம்பைப் பெயர் சொல்லிக் கேட்டால் பிள்ளைக்குப் பலிக்காது என்பது கோச்சடைப் பெண்களின் நம்பிக்கை. சபுராவின் தோட்டத்துக் குட்டையோரம் அது வாள் வாளாக நின்றது. அவள் சூலியாக இருந்தபோது கணவன் ஜமீல் ஊன்றியது. கோடையில் குட்டை உள்வாங்கியதும் தினமும் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுகிறான்.

"காய்ஞ்சது இல்ல தாயி. கடையில கேட்டியா?"

"யுத்தம் வந்ததுலருந்து அவன்கிட்ட என்ன இருக்கு? பச்சையாவே கொடுங்க."

"பச்சை ஆகாது."

"இம்புட்டுக் காடா வளத்து வச்சுக்கிட்டு ஆகாதுங்கிறீக. நான் என்ன பொன்னையா கேட்டேன்?"

குழந்தை கால்களை வயிற்றோடு மடக்கி மடக்கி உதைத்தது. இதே உதையைச் சபுரா தன் மடியில் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளை நாற்பது நாள்கூட இருக்கவில்லை. இந்தச் செடியைப் பிடுங்கி எறிய எத்தனையோ நாள் கை போயிருக்கிறது. ஏன் என்று ஜமீல் கேட்பான்.

"பிள்ள இல்லாத வீட்டுல வந்து கேட்டது என் தப்புதேன்" என்ற செல்லத்தாய், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஒரு கையால் பற்றி இழுத்தாள். சேறோடு வேர் வந்தது. அதன் காட்டமான வாசம் எழுந்ததும் சபுராவும் இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுங்கக்கா."

"காயட்டும்னு பொறுக்காம, சுடாமக்கூட, பச்சையா உரைச்சு என் பிள்ளை நாக்குல வச்சேன். அன்னைக்குப் பொழுது சாயுமுன்ன போயிருச்சு."

"மாந்தம்னு சொன்னாக..."

"நான்தான் சொன்னேன். இதாலதானா இல்லையா, அல்லாவுக்குத்தான் தெரியும்."

கிணற்றடியில் வாளி இடித்தது. ஜமீல் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"வண்டியக் கட்டுங்க மச்சான்" என்றாள் சபுரா, அவனைப் பார்க்காமல். "பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

அவன் வாளியை இறக்கி வைத்தான். செடிக்கு ஊற்றவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தான்.

செல்லத்தாய் வேரை நழுவவிட்டாள். சபுரா இன்னும் அவள் கையை விடவில்லை. இருவர் காலடியில், வேர் பிடுங்கிய குழியைச் சேற்று நீர் மெல்லக் கசிந்து மூடிக்கொண்டிருந்தது.