திருப்பிப் போட்ட கை

"இந்தப் படத்துக்குக் கீழ எங்கம்மா பேரைப் போடுங்க."

முதலாளி சின்னவரிடம் சொல்லியேவிட்டாள். வேலையில் சேர்ந்த அன்றே அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள்: "லீவு கேளு, நல்ல நாற்காலி கேளு, சண்டை கூட போடு. பேரு மட்டும் கேட்டுடாதடி." முன்பு அம்மாவோடு வேலை பார்த்த ஒருத்தி கேட்டாள். அவளைப் பெட்டி ஒட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை.

சின்னவர் என்று கூப்பிடுவதெல்லாம் பழக்கதோஷம். ஆளுக்குத் தலை நரைத்துத் தொப்பையும் விழுந்தாயிற்று. தாத்தா தொடங்கிய கடிகாரக் கம்பெனிக்கு மூன்றாவது முதலாளி. அதன் வரலாற்றைப் புத்தகமாக எழுதத்தான் இவளை வைத்திருந்தார். வீட்டில் முதல் பட்டதாரி இவள். படித்தது வரலாறு, எழுதச் சொன்னது கதை. புத்தகத்தின் பெயர் 'மூன்று தலைமுறை, ஒரே கை'. தாத்தாவும் மகனும் பேரனும் ஒவ்வொரு கடிகாரத்தின் உள்மூலையையும் தாங்களே தீட்டினார்களாம்.

அந்த உள்மூலையில்தான் விலையே இருக்கிறது. கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால், சக்கரங்களை அமுக்கிப் பிடிக்கும் எஃகுத் தகடு தெரியும். அதன் ஓரங்களை மெஷினே பளபளப்பாக்கிவிடும். ஆனால் இரண்டு ஓரங்கள் உள்பக்கமாகச் சேரும் இடத்தில் மெஷின் நுழையாது, மழுக்கிவிடும். மரக்குச்சியில் மெருகுப் பசை தொட்டுக் கையால்தான் கூராக்க வேண்டும். காசுள்ளவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவது அதைத்தான். அத்தனை மூலைகளும் மாடியில் அம்மாவின் மேஜையில் பிறந்தவை. சின்னவருக்குக் குச்சியின் எந்த முனையில் பசை தொடுவது என்றுகூடத் தெரியாது.

"படத்துல இருக்கிறது என் கைன்னு நீதானேம்மா எழுதின?" என்றார் சின்னவர், சிரித்துக்கொண்டே.

"எழுதினேன், புத்தி கெட்டுப்போய். இப்ப படத்தைப் பாருங்க சார். எங்கம்மா இடது கைக்காரி. நீங்க வலது கை. அதனால அவங்க கையை எடுத்த படத்தை அப்படியே இடவலமாத் திருப்பிப் போட்டுட்டீங்க. கை மட்டுமா திரும்பிச்சு? கடிகாரமும் திரும்பிடுச்சு. பின்பக்கமாப் பார்த்தா சாவி கொடுக்கிற குமிழ் இடப்பக்கம் வரணும். இதுல வலப்பக்கம் நிக்குது."

சின்னவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தின் மேல் கவிழ்ந்தார். முகம் சுண்டிப்போயிற்று. மாட்டிக்கிட்டார் மனுஷன் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல்.

"ஐயையோ! நல்லவேளை பார்த்த. இது வெளிய போயிருந்தா நம்ம மானம் கப்பலேறியிருக்குமே!" ஃபோனை எடுத்தார். "அச்சுக்கு இன்னிக்கு அனுப்ப வேண்டாம். ஃபோட்டோகிராஃபரை வரச் சொல்லு. மாடியிலேர்ந்து அந்தம்மாவையும்."

"உங்க கையவே படம் எடுக்க வேண்டியதுதானே?"

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். கொழுகொழுவென்று, வெண்ணெய் தடவியது போல இருந்தது. "இதைப் பார்த்தா எவன் நம்புவான்?" கோபமே இல்லாமல் கேட்டார்.

அம்மா ஏப்ரனோடு வந்து நின்றாள். மகள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"கேட்டுட்டியா?"

"கேட்டுட்டேன்."

"பாவி."

"உங்க பேரைப் போட்டே ஆகணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது," என்றார் சின்னவர் கனிவாக. "உங்களுக்கு அப்படி ஏதாவது ஆசை இருக்கா?"

"சொல்லும்மா. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "சின்னப் பொண்ணு, தெரியாம உளறுது ஐயா. பேரை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? என் மேஜை இருந்தா போதும்."

ஃபோட்டோகிராஃபர் விளக்கைச் சரிசெய்தான். அம்மாவின் கையை மட்டும் வெளிச்சத்துக்குள் இழுத்து வைத்தான். காய்ப்பு ஏறி, நகம் கறுத்து, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத கை.

"குச்சியை வலது கையில பிடிங்கம்மா. அப்பத்தான் திருப்பிப் போட வேண்டாம்."

அம்மா குச்சியைக் கை மாற்றினாள். விரல்கள் வசத்துக்கு வரவில்லை. முதன்முதலாகப் பென்சில் பிடிக்கும் பிள்ளை மாதிரி குச்சி ஆடியது. நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்திப் பிடித்தாள்.

"இப்படிப் பிடிச்சா ஐயா பிடிச்ச மாதிரி இருக்குமா?"

கேட்டவள் அம்மாதான். யாரும் அவளைக் கேட்கச் சொல்லவில்லை.

"பிரமாதம்," என்றார் சின்னவர். மகள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பெரிய தப்பைக் கண்டுபிடிச்சது நீ. நன்றிப் பக்கத்துல முதல் பேரு உன்னோடதுதான். போதுமா?"

மகள், சின்னவரின் மேஜையில் கிடந்த அச்சுப் பிரதியிலிருந்து தான் எழுதிய முன்னுரையை உருவினாள். கிழிக்கக்கூட இல்லை. நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது நாளைக்கு அச்சுக்குப் போகணும்!"

"கை வாடகைக்குக் கிடைக்குதுல்ல சார், எழுதவும் ஒண்ணு பிடிங்க."

"எங்கடி போற?" அம்மா வெளிச்சத்திலிருந்து கையை எடுக்காமலே கத்தினாள். "ஐயா கிட்ட மன்னிப்புக் கேளுடி!"

"அசையாதீங்கம்மா," என்றான் ஃபோட்டோகிராஃபர்.

குச்சி கை மாறியபோதே மகள் வேலையை விட முடிவு செய்துவிட்டாள். அம்மா அசையவில்லை. இவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தாள்.