ஒன்றரை லட்சத்துக்குக் காதை மூடுவது

மூன்றாம் மாடியில் எங்கள் கதவும் கனகேஸ்வரி வீட்டுக் கதவும் நேரெதிர். அதற்காக நான் வேவு பார்க்கிறவள் என்று நினைக்க வேண்டாம். கதவு திறந்திருந்தால் கண் போகும், அவ்வளவுதான். அப்படிக் கண் போன ஒரு வியாழக்கிழமை, கனகேஸ்வரியின் மகள் உஷாந்தி ஒரு கறுப்புப் பெட்டியைச் சாமிப்படம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறி வந்தாள்.

பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு சீனி கேட்டுப் போனேன். வீட்டில் இரண்டு கிலோ சீனி இருந்தது, அது வேறு விஷயம்.

"அக்கா, நல்ல நேரத்திலை வந்தனீங்கள்," என்றாள் கனகேஸ்வரி. "காதிலை கொழுவுற சாமானுக்கு இவள் எவ்வளவு குடுத்தவள் எண்டு கேளுங்கோ."

"எவ்வளவு பிள்ளை?"

"ஒண்டு நாப்பத்தெட்டு, அன்ரி."

"ஆயிரத்து நானூற்றி எண்பதோ?"

"லட்சம்!" என்று கத்தினாள் தாய். சீனியை நான் அதோடு மறந்துவிட்டேன்.

உஷாந்தி மெல்பேர்ன் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சாப்பாட்டு மேசைதான் கந்தோர். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அடுத்த வியாழன் காலை எட்டு மணிக்கு மூன்று பெரியவர்கள் வீடியோவில் வந்து இவள் அரை மணித்தியாலம் பேசுவதைக் கேட்டு, வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யப்போகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தரம், "உனக்குப் பின்னால் என்ன அந்தச் சத்தம்?" என்று கேட்டும்விட்டார்களாம். அதற்காகத்தான் வெளிச்சத்தத்தை அழிக்கிற இந்த ஹெட்போன். காலி வீதியில் கடை வைத்திருக்கும் புவாத், கீறல் விழாமல் புதன்கிழமைக்குள் கொண்டுவந்தால் திருப்பி எடுப்பதாகச் சொல்லியிருந்தான்.

"நீங்களே போட்டுப் பாத்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ அக்கா. நீங்கள் சொன்னால் கேப்பாள்."

நான் சொல்லி இந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை. என்றாலும் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினேன். உஷாந்தி பக்கத்தில் ஒரு பொத்தானை அமத்தினாள்.

ஃபான் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஃப்ரிட்ஜின் உறுமல் போயிற்று. யன்னலுக்கு வெளியே இருந்த கடலையே யாரோ மூடி வைத்தது போல ஆயிற்று. இருபத்தெட்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் இருக்கிறேன், கடல் இல்லாத வெள்ளவத்தையை அன்றுதான் கேட்டேன்.

விடுவேனா? ஹெட்போனோடு குசினிக்குப் போய் கிரைண்டரைப் போடச் சொன்னேன். பாதி போயிற்று. பல்கனிக்குப் போனேன். பஸ் இரைச்சல் இல்லை, ஹோர்ன் மட்டும் கொசுவாகக் கேட்டது. பாண் விற்க வரும் ஓட்டோவின் பாட்டும் மெலிதாக வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று மட்டும் குறையாமல் தெளிவாகக் கேட்டது.

"என்ன அக்கா, ஏன் சிரிக்கிறியள்? வேலை செய்யுதில்லையோ?"

அது கனகேஸ்வரியின் குரல்.

"நல்ல சாமான்தான்," என்றேன். "ஆனால் உன்னை அழிக்கிற அளவுக்கு இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை."

உஷாந்தி வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போனாள்.

தீர்ப்பை நான் உடனே சொல்லவில்லை. திங்கட்கிழமை கொட்டாஞ்சேனையில் தங்கை சுதர்சினி வீட்டுக்குப் போகவிருந்தேன். "நான் அங்கை இருந்து மெல்பேர்னாக் கேக்கிறன், நீ பேசிப்பார்" என்றேன். அப்படியே, காலை எட்டு மணிக்கு சுதர்சினியின் கதிரையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, டெலிபோனைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்து, மூன்று பெரியவர்களாகவும் நானே இருந்தேன்.

நல்லாய்த் தொடங்கினாள். மேல்சட்டை மடிப்புக் குலையாமல், காதில் புது ஹெட்போன், ஆங்கிலம் அருவியாய்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையின் அடியில் மெரீன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் தண்டவாளம், பிறகு கடல். கோச்சி வந்தால் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்துவோம். கலியாணம் பேசினாலும் சரி, சண்டை பிடித்தாலும் சரி, வாயை அப்படியே வைத்திருந்து, கோச்சி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். யாரும் பழக்கியதில்லை, உடம்பே செய்யும். உஷாந்தியும் ஆறு மாதமாக மெல்பேர்னோடு அப்படித்தான் பேசி வந்தாள். கோச்சி வர ஒலிவாங்கியை மூடுவாள், போனதும் திறப்பாள். பிந்தி மூடிய இரண்டு தரம்தான் அகப்பட்டது.

அன்றைக்கு எட்டு ஏழுக்கு கந்தோர்க் கோச்சி வந்தது. உஷாந்தி நிற்கவில்லை. ஹோர்ன், இரும்பு, பெட்டி பெட்டியாக இரைச்சல் எல்லாம் சுதர்சினியின் வீட்டுக்குள்ளே புகுந்தது. நடுவில் இவளின் வாய் மட்டும் சிரித்துக்கொண்டே அசைந்தது, மீன் போல.

"நிப்பாட்டு! பிள்ளை, நிப்பாட்டு!"

"என்ன அன்ரி? பிழையா ஏதும் சொன்னனானோ?"

"கோச்சி!"

"எந்தக் கோச்சி?" என்றாள் உஷாந்தி.

குசினியிலிருந்து சுதர்சினி ஓடிவந்து, "எங்கையடி அக்கா கோச்சி?" என்று யன்னலால் பார்த்தாள். தண்டவாளமே இல்லாத கொட்டாஞ்சேனையில் கோச்சி கேட்டால் யார்தான் பார்க்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை உஷாந்தியும் நானும் புவாத்தின் கடையில் நின்றோம். என்னை ஒருவரும் கூப்பிடவில்லைதான். ஆனால் சாட்சி வேண்டாமா?

புவாத் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டான். "தங்கச்சி, இது சத்தத்த அழிக்கிறது ஒங்கட காதுக்கு. அவங்கட காதுக்கு இல்ல. இதுலயும் மைக் ஈக்கி, ஆனா கோச்சிக்கெல்லாம் அது தாங்காது." அலுமாரியிலிருந்து வேறொன்றை எடுத்தான். ஒற்றைக் காதுக்கு, வாய்க்கு நேரே ஒரு குச்சி நீட்டிக்கொண்டு. "இது இருவத்திரண்டாயிரம். கோல் சென்டர் பிள்ளையள் போடுறது. அழகில்ல, ஆனா வாயிலிருந்து வாறத மட்டும்தான் எடுக்கும்."

"பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு, புவாத் நானா," என்றாள் உஷாந்தி.

நான் விடவில்லை, சோதித்தோம். உஷாந்தி கடைவாசலில் நின்று பேச, நான் பின்னறையில் டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் பெரியது. நூறாம் இலக்க பஸ் முழுதாக வந்து என் காதில் ஏறியது. பிறகு குச்சி வைத்தது. பஸ் தூரத்தில் யாரோ செருமினது போல, பிள்ளையின் பேச்சு மட்டும் முன்னால்.

"இனி என்ன யோசனை?" என்றேன் பின்னறையிலிருந்து வந்து. "திருப்பிக் குடு."

அவள் பெட்டியை மேசையில் வைத்தாள். கையை எடுக்கவில்லை. புவாத் பெட்டியைத் தன்பக்கம் இழுக்க, இவளின் விரல் இன்னும் மேலே இருந்தது.

"அன்ரி, மெல்பேர்னுக்கு எண்டுதான் வாங்கினனான்," என்றாள் சின்னக் குரலில். "ஆனால் இந்த அஞ்சு நாளும் இதைப் போட்டுக்கொண்டு இருக்க எங்கட வீடு பெரிசா இருந்தது. அம்மா ரெண்டாம் அறையிலை இருக்கிற மாதிரி இருந்தது."

அவர்கள் வீட்டில் ஒரே ஒரு அறைதான். தாயின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டதென்று சொல்ல வாய் வந்தது. ஆனால் பக்கத்திலேயே நிற்கிறவளுக்கு அரைவாசி குறைந்தாலும் பெரிய காரியம்தானே.

"வேலை நிலைக்கட்டும் முதல்," என்றேன்.

கையை எடுத்தாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு நான் இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள நடையில் பூஞ்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலம் ஊற்றினேன். கதவுக்குள் உஷாந்தியின் பேச்சு ஓடியது, கோச்சிக்காக இரண்டு தரம் நின்றது, மறுபடி ஓடியது. கனகேஸ்வரி அந்த முப்பது நிமிடமும் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை. சாடியிலிருந்து தண்ணீர் வழிந்து படியால் இறங்கியதற்குக் கீழ்வீட்டு றேமண்ட் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

அடுத்த செவ்வாய் கடிதம் வந்தது. நிரந்தரமாக்கிவிட்டார்கள். கனகேஸ்வரி கேசரியோடு வந்து, "பாத்தியளே அக்கா, இருவத்திரண்டாயிரத்தோடை அலுவல் முடிஞ்சுது. நான் சொல்லேல்லையோ?" என்றாள். அவள் சொன்னது என்னவென்று எனக்கு நினைவில்லை. கேசரி நன்றாக இருந்தது.

அந்த மாதச் சம்பளம் வந்த அன்று பின்னேரம், உஷாந்தி கைப்பையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினாள். நான் கதவடியில்.

"எங்கை பிள்ளை, இந்த நேரத்திலை?"

நின்றாள். தன் வீட்டுக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "புவாத் நானாட்டை, அன்ரி. அந்தப் பெட்டியை நாலாயிரம் குறைச்சுத் தாறனெண்டவர்." என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐயாயிரமாக் கேள்," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டு கீழே மறைய, எதிர்க்கதவு திறந்தது.

"அக்கா, இவள் எங்கை போறாள்?"

இந்தக் கட்டடத்தில் யார் எங்கே போகிறார்கள் என்று என்னிடம் கேட்டு யாரும் பதில் இல்லாமல் திரும்பியதில்லை.

"தெரியாதே," என்றேன்.

கனகேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். சுகமில்லையோ என்று கேட்டுவிட்டு, இஞ்சித் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.