பச்சைக் கெபாசிட்டரில் தோய்ந்த தயிர்

ரூஸே நகரில் டான்யூப் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் குடியிருந்த கொஸ்தாதினுக்குக் காது கொஞ்சம் அதிகமாகவே கேட்கும். செம்புக் கம்பியில் களிம்பு ஏறும் சத்தம்கூடக் கேட்கும் என்பார். டிராலி பஸ் பணிமனையில் முப்பத்தோரு வருடம் மின்பழுது பார்த்தவர். வண்டி மூன்று தெரு தள்ளி வரும்போதே ஓட்டுவது யார், அவன் காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவார். சரிதானா என்று யாரும் அந்த ஓட்டுநரிடம் போய்க் கேட்டதில்லை. ஆகவே அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காதுக்கு முழுநேர வேலை கொடுத்தார். வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வந்தன. அன்றிலிருந்து பதினோரு வருடமாக அவர் மனைவி ராதோஸ்தினா அந்த அறையை ஒருக்களித்துத்தான் கடந்துகொண்டிருந்தார்.

மார்ச் மாதம் ஒரு நாள் அவர் ஒருக்களிக்காமல் நேராக வந்து நின்றார்.

"இதோ பாரு கொஸ்தாதின். எங்கம்மா வீட்டு வால்நட் அலமாரி வருது. மே மாசம் புனித கியோர்கி திருநாளுக்கு அண்ணன் ஏத்தி அனுப்பறான். இந்த ரெண்டு சவப்பெட்டியும் கீழ நிலவறைக்குப் போகணும்."

"அங்க ஒரே ஈரம்! ஸ்பீக்கருக்குள்ள இருக்கற காகிதக் கோனெல்லாம் பூஞ்சை பிடிச்சுடும்."

"என் ஊறுகா ஜாடிக்குப் பிடிக்காத பூஞ்சையா?"

"இப்பத்தான் கிராஸ்ஓவர்ல கைவைக்கப் போறேன். பைபாஸ் கெபாசிட்டர் மாத்தினா சத்தம் எங்கயோ போயிடும், ராதா."

"எங்கயாவது போய்த் தொலையட்டும்னுதான் நானும் சொல்றேன்." ராதோஸ்தினா இடுப்பில் கைவைத்தார். "நீ பத்தவெக்கற, கழட்டற, மறுபடி பத்தவெக்கற, ஆகா ஓகோங்கற. சரி. இந்தக் கட்டடத்துல ஒரே ஒரு ஆள், 'ஆமா, வித்தியாசம் தெரியுது'ன்னு சொல்லட்டும். பெட்டி இங்கயே இருக்கட்டும். அலமாரிய நான் ஆத்துல விடுறேன்."

"பன்தேலெய் சொல்லுவான்."

"அவன் சேத்தி இல்ல. பக்கத்துக் கட்டடம். தவிர, ஒரு கிளாஸ் ரக்கியா ஊத்தினா கேக்காததும் அவனுக்குக் கேக்கும்."

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பீக்கர் பெட்டியின் வயிற்றுக்குள் கிராஸ்ஓவர் என்று ஒரு பலகை இருக்கும். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும் கீச்சுச் சத்தத்தைச் சின்னதுக்கும் பிரித்து அனுப்புகிற போக்குவரத்துக் காவலர் அது. கீச்சுச் சத்தம் போகிற வழியில் பருமனாக ஒரு கெபாசிட்டர் உட்கார்ந்திருக்கும். அதன் முதுகில் சுண்டுவிரல் அளவில் இன்னொன்றைச் சேர்த்துப் பற்றவைத்தால் அதுதான் பைபாஸ். பெரியவர் தவறவிடுகிற நுணுக்கங்களைச் சின்னவர் பொறுக்கிக் கொடுப்பார் என்று நம்பிக்கை. எந்தச் சின்னவர் என்கிற கேள்வியில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகள் உண்டு.

கொஸ்தாதின் கட்சி, பச்சை. பச்சை வண்ணம் பூசிய சோவியத் காலத்து உலோகக் குழல், உள்ளே எண்ணெயில் ஊறிய காகிதம். பிரித்துப் போட்ட ஒரு ராடாரிலிருந்து எடுத்தது. அந்த ராடார் பணியில் இருந்தவரை ஒரு எதிரி விமானத்தையும் பிடித்ததில்லை. ஆனால் அக்கரையில், ருமேனியக் கல்யாணம் ஒன்றில், கிளாரினெட்காரர் சுருதி விலகியதைப் பிடித்ததாகப் பதிவேட்டில் இருக்கிறதாம்.

ஓய்வு பெற்ற பல் வைத்தியர் பன்தேலெயின் கட்சி, வெள்ளை. டெஃப்லான்.

"உன் பச்சைக்குள்ள என்னடா இருக்கு? எண்ணெய்க் காகிதம். கடையில பனீட்ஸா பலகாரம் சுத்திக் குடுக்கற காகிதம்!" என்றார் பன்தேலெய்.

"உன் டெஃப்லான்ல முட்டை பொரிக்கலாம், பாட்டு கேக்க முடியாது. ஒட்டவே ஒட்டாது, காதுல எப்படிடா நிக்கும்?"

கடைசியில் இரண்டையும் பற்றவைத்து, பெட்டியின் பின்னால் ஒரு சுவிட்ச் வைப்பதென்று முடிவானது. மேலே தள்ளினால் பச்சை, கீழே தள்ளினால் வெள்ளை. கட்டடத்து ஆள் ஒருவரைக் கேட்கவைக்க வேண்டும். யாரை? நான்காம் மாடி எவ்தோகியா டீச்சர்தான். இசைப் பள்ளியில் நாற்பது வருடம் சுரம் சொல்லிக்கொடுத்தவர். தன் கல்யாணத்திலேயே பாதிரியாரின் சுருதியைத் திருத்தியவர். பொய் சொல்லத் தெரியாது என்பதால் அவருக்கு நண்பர்களும் அதிகம் இல்லை.

ஆனால் புதிதாகப் பற்றவைத்த கெபாசிட்டரை உடனே கேட்கக் கூடாது. மின்சாரம் ஓடி ஓடிப் பழக வேண்டும். இருநூறு மணி நேரம் என்பது இந்தக் கூட்டத்தில் வேதவாக்கு. அத்தனை நேரம் வீட்டுக்குள் இரைச்சலை ஓடவிட்டால் அக்கம்பக்கத்தார் கொலை செய்வார்கள். அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு பெட்டிகளையும் ஒரு சாண் இடைவெளியில் முகத்தோடு முகம் பார்க்க நிறுத்தி, ஒன்றுக்கு மட்டும் வயரைத் தலைகீழாக மாட்ட வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். மேலே கம்பளிப் போர்வை. மிச்சம், ஜாடிக்குள் மாட்டிய ஈ போல ஒரு முனகல்தான்.

கொஸ்தாதின் அப்படியே செய்தார். எட்டு நாள் பச்சை, பிறகு எட்டு நாள் வெள்ளை.

முதல் நாள் மதியம் ராதோஸ்தினா அறை வாசலில் அசையாமல் நின்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஆற்றில் படகு போகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. பிறகு போர்வைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பக்கத்திலிருந்த வால்வு ஆம்ப்ளிஃபையரின் சூடு உள்ளே இறங்கி, கைக்குழந்தையின் வயிறு மாதிரி இதமாக இருந்தது. மறுநாள் கொஸ்தாதின் போர்வையைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே உறை ஊற்றிய பால் ஜாடிகள் ஆறு.

"ராதா! இது என்ன, மாட்டுக் கொட்டாயா?"

"வெதுவெதுன்னு இருக்கு, சும்மாதானே இருக்கு. உன் ஈ முனகறதால பாலு என்ன கெட்டா போகும்?"

கெடவில்லை. நாலரை மணி நேரத்தில் தோய்ந்தது. ஜாடியைக் கவிழ்த்தால் விழவில்லை. கரண்டியைக் குத்தினால் நின்றது. மூன்றாம் மாடி மினா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, ஏதோ கெட்ட சேதி வந்தவள் போல நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்ன பண்ணின?" என்றாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. அவரு என்னவோ கெபாசிட்டர் போட்டிருக்காரு. பச்சை."

எட்டு நாளும் அப்படியே. ஒன்பதாம் நாள் கொஸ்தாதின் சுவிட்சைக் கீழே தள்ளினார். வெள்ளை. அன்றைய தயிர் ஜாடிக்குள் நீந்தியது. மேலே தண்ணீர், கீழே தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு மன்னிப்பு.

சேதி எட்டு மாடிக்கும் பரவியது. பெண்கள் காலி ஜாடியோடு படியேறினார்கள். கைம்மாறாக முட்டை வந்தது, வால்நட் வந்தது. பாலும் கொண்டு வருகிறோம் என்றவர்களிடம் ராதோஸ்தினா பெருந்தன்மையாகச் சொன்னார்: "ஜாடி மட்டும் போதும்மா. பால நான் பாத்துக்கறேன். ஆளுக்கொரு பால்னா பரிசோதனை கெட்டுடும்."

கொஸ்தாதின் வாய் பிளந்தார். பரிசோதனை என்ற சொல் மனைவியின் வாயிலிருந்து வந்து அவர் கேட்டதில்லை. பன்தேலெய் மட்டும் வெள்ளைத் தயிரை மோந்து பார்த்து, "இது சதி," என்றார். மறுநாள் சந்தையில் பச்சைக் கெபாசிட்டர் எங்கே கிடைக்கும் என்று ரகசியமாக விசாரித்தார்.

திருநாளுக்கு முந்தின ஞாயிறு மதியம் எவ்தோகியா டீச்சர் வந்தார். கொஸ்தாதின் பெட்டிகளை முன்புறம் திருப்பி, வயரை ஒழுங்காக மாட்டி, இசைத்தட்டை வைத்தார். பச்சை, வெள்ளை, பச்சை, வெள்ளை. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். ராதோஸ்தினா சமையலறையில் வெங்காயம் நறுக்கினார்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் டீச்சர்.

"டீச்சர், இன்னொரு தடவை—"

"நாலு தடவை கேட்டாச்சு, கொஸ்தாதின். நடுவுல ஒரு தடவ லிஃப்ட் நின்னுது. அந்த வித்தியாசம்தான் தெரிஞ்சுது."

கொஸ்தாதின் தன் பெட்டிகளைப் பார்த்தார். நிலவறையின் ஈரம் இப்போதே மூக்கில் ஏறியது. அப்போது ராதோஸ்தினா இரண்டு கிண்ணத்தோடு வந்தார்.

"வந்ததுக்கு வாயில ஏதாவது போட்டுட்டுப் போங்க டீச்சர். இது பச்சை. இது வெள்ளை."

டீச்சர் ஒன்றைச் சுவைத்தார். மற்றதைச் சுவைத்தார். மீண்டும் முதலாவது. கிண்ணம் காலியானது.

"ரொம்ப வித்தியாசம்," என்றார்.

"சொல்லிட்டாங்க," என்றார் ராதோஸ்தினா. "ஒரு ஆள் வித்தியாசம் சொல்லணும்னேன். காதாலதான் சொல்லணும்னு சொல்லல. பெட்டி இங்கயே இருக்கட்டும். அலமாரிய அண்ணனே வச்சுக்கட்டும்."

கொஸ்தாதின் மனைவியின் இரு கன்னத்திலும் முத்தமிட்டார். ராதோஸ்தினா பொறுமையாக வாங்கிக்கொண்டு, "சரி, இப்ப பெட்டிங்கள பழையபடி மூஞ்சிக்கு மூஞ்சி திருப்பு. நாளைக்கு பத்தொன்பது ஜாடி இருக்கு," என்றார்.

நாளைக்குப் பத்தொன்பது. நாளன்றைக்கு இருபத்திரண்டு. பெட்டிகள் வரவேற்பறையில்தான் இருந்தன, ராஜாக்களைப் போல, போர்வை போர்த்திக்கொண்டு, ஒன்றையொன்று பார்த்து முனகியபடி. மூன்று வாரமாக ஒரு பாட்டு இல்லை. கொஸ்தாதின் இசை கேட்கப் பன்தேலெய் வீட்டுக்குப் போய், டெஃப்லானைச் சகித்துக்கொண்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை லிஃப்ட் ஓடவில்லை. படிவழியே இறங்கியவரைக் கீழே பால்கார ரெம்ஸி பிடித்துக்கொண்டான்.

"மேஸ்திரி, வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க. ஒரு எருமை சினையா இருக்கு, அடுத்த வாரம் பாலு கொறையும்."

"எருமையா?"

"பின்ன? மார்ச்லேருந்து எருமைப் பாலுதானே வாங்கறாங்க. நடுவுல ஒரு எட்டு நாள் மட்டும் வேணாம்னுட்டாங்க. கடைப் பாலே போதுமாம், அதுலயும் தண்ணி ஊத்திக்கறேன்னாங்க. என் எருமைங்களுக்கே மனசு கஷ்டமாப் போச்சு."

கொஸ்தாதின் போன காரியத்தை மறந்து மேலே ஏறினார். இரண்டாம் மாடியில் கோபம் வந்தது. நான்காம் மாடியில், பெட்டியை வெளியேற்ற நினைத்தவள் எதற்காக அதைக் காப்பாற்றினாள் என்று யோசனை வந்தது. ஆறாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, ஜன்னல் வழியே ஆற்றில் படகு போகிற சத்தம் கேட்டது, விடையும் கிடைத்தது. அவளுக்குப் பெட்டி போக வேண்டியதில்லை. சத்தம் போனால் போதும். உண்மையைச் சொன்னால் அலமாரி வரும், பெட்டி இறங்கும். சொல்லாவிட்டால் ஆயுளுக்கும் தயிர்.

எட்டாம் மாடியில் ஜாடிப் பெண்கள் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். கொஸ்தாதின் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். இந்தப் பச்சைக் கெபாசிட்டரை எந்நேரமும் மூடியே வச்சா இறுகிப்போயிடும். தயிர் நூல் விட ஆரம்பிக்கும். வாரத்துல ஒரு நாள், ரெண்டு மணி நேரம், பெட்டியத் திருப்பி வெளிய பாட விடணும்."

"எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு இது?" என்றார் ராதோஸ்தினா.

"எருமைங்க எழுதின புஸ்தகத்துல," என்றார் கொஸ்தாதின்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவ்வளவு முழுமையாக அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டதில்லை.

"ரெண்டு மணி நேரம் போதுமா?" என்று மினா கவலைப்பட்டாள். "மூணா வச்சுக்கலாமே ராதோஸ்தினா? நூல் விட்டா எம் மாமியா தொடமாட்டா."

அப்படித்தான் வியாழக்கிழமை மதியம் மூன்று முதல் ஆறு வரை என்று ஆனது. முதல் வியாழனே அறை நிரம்பிவிட்டது. ஒன்பது பெண்கள், எவ்தோகியா டீச்சர், பன்தேலெய். கொஸ்தாதின் பரபரப்போடு போர்வையை உருவினார், பெட்டிகளைத் திருப்பினார், சுவிட்சைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் இசைத்தட்டை வைத்தார். உறையில் போட்டிருந்தபடி கிளாரினெட், அக்கார்டியன், கனத்த சத்தம் எழுப்பும் தந்தி வாத்தியமான கான்ட்ராபாஸ்.

"அடேயப்பா," என்றார் பன்தேலெய். "சத்தம் பெட்டியிலேர்ந்தே வரலடா! செவுத்துலேர்ந்து வருது, ஜன்னல்லேர்ந்து வருது. ஒத்துக்கறேன். பச்சைதான்."

கொஸ்தாதின் கண் கலங்கத் தலையை அசைத்தார். பெண்கள் நூல் விடாத தயிரை நினைத்துத் தாங்களும் அசைத்தார்கள். டீச்சர் தயிர்க் கிண்ணத்தில் மூழ்கியிருந்தார்.

சமையலறை வாசலிலிருந்து ராதோஸ்தினாவின் குரல் வந்தது.

"கான்ட்ராபாஸ்காரன் எங்க போனான்? ஒரு பெட்டிக்கு வயரத் தலைகீழாவே விட்டுட்ட."

கொஸ்தாதின் பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். சிவப்பில் கறுப்பு மாட்டியிருந்தது. முகத்தோடு முகம் இருந்தபோது மாட்டியது. திருப்பும் அவசரத்தில் மறந்துபோனது; கனத்த சத்தத்தைப் பெட்டிகள் இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தன.

"அப்புறம்," என்று ராதோஸ்தினா கையைத் துணியில் துடைத்தார், "சுவிட்சும் கீழதான் கெடக்கு. அது வெள்ளை. வெள்ளைனா கிளாரினெட் கொஞ்சம் பல்லு கூசும். பச்சைல போடு, அது பரவால்ல."

பன்தேலெய் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார். கொஸ்தாதின் மண்டியிட்ட நிலையிலேயே திரும்பினார்.

"உனக்குக் கேக்குதா?"

"கேக்காம? காது நல்லாக் கேக்கறதாலதானே பதினோரு வருஷமா நிறுத்துன்னு கத்திட்டு இருக்கேன்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! கட்டடத்துல ஒரு ஆள்னுதானே சொன்ன!"

"நீ டீச்சரக் கேட்ட," என்றார் ராதோஸ்தினா. "என்னக் கேக்கவே இல்லையே."

கொஸ்தாதின் வயரை மாற்றினார். சுவிட்சை மேலே தள்ளினார். கான்ட்ராபாஸ்காரர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். ராதோஸ்தினா ஆறு மணி வரை வாசலை விட்டு நகரவில்லை. ஆறு அடித்ததும் போர்வையை எடுத்துக் கணவன் கையில் கொடுத்தார். இருபத்தாறு ஜாடிகள் காத்திருந்தன.