வலி இல்லையா என்று கேட்டதற்கு

ஆறு மணிக்கு எழுவேன். அரிசியைக் களைந்து குக்கரில் வைப்பேன். பல் தேய்ப்பேன். கிம்ச்சி டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு சோயா சூப்பைச் சூடு பண்ணுவேன். ஆறே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ். அன்று விடுப்பு. இருந்தும் ஆறு மணிக்கே எழுந்து அதே சூப்பை வைத்தேன்.

என் மனைவி ஹேரிமின் அம்மா முந்தின நாள் போஹாங்கிலிருந்து வந்திருந்தார். மறுநாள் ஹேரிம் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள், கோயிலில் அவள் ஆன்மாவை வழியனுப்பும் சடங்கு. சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"என்ன மாப்ளே, எங்க ஊர்க் கடலையே கொண்டாந்து ஊத்திட்டீங்களா?"

"உப்பு கூடிருச்சு அத்தை."

"அவளும் இப்படித்தான் போடுவா. ரெண்டு பேரும் எப்படித்தான் தின்னீங்களோ." சொல்லிவிட்டு முழுவதையும் குடித்தார்.

நாங்கள் நியூசிலாந்து போவதாக இருந்தது. அங்கே ஒரு ரொட்டிக்கடையில் ஹேரிமுக்கு வேலை தயாராக இருந்தது. ஆங்கிலத் தேர்வு மட்டும்தான் பாக்கி. நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று ஒரு சொல்லை எறிவாள். நான் எதிர்ச்சொல்லைத் திருப்பி எறிய வேண்டும். ஒருநாள் 'லைட்' என்றாள். 'ஹெவி' என்றேன். தப்பு, 'டார்க்' என்றாள். மறுநாளும் 'லைட்'. 'டார்க்' என்றேன். தப்பு, 'ஹெவி'.

"இது என்ன நியாயம்?"

"பொண்டாட்டி நியாயம்."

'யெஸ்', 'நோ' இரண்டு மட்டும் எங்களுக்குக் கடைசிவரை வசப்படவில்லை. சாப்பிடவில்லையா என்று கேட்டால், சாப்பிடாதவர் எங்கள் மொழியில் 'ஆமாம்' என்பார். ஆங்கிலத்தில் அவரே 'நோ' என்று சொல்ல வேண்டும். ஹேரிம் பாதி தடவை சரியாகச் சொல்வாள். மீதிப் பாதி, நாக்கு கொரியாவுக்கே திரும்பிவிடும்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது, போனில்கூட ஆங்கிலம்தான் என்று விதி வைத்தாள். அந்த நாள் காலை தலைவலி என்று படுத்திருந்தாள். மதிய இடைவேளையில் அழைத்தேன். வலி இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம். அது இதைவிடச் சுலபமான வாக்கியம். எனக்குத் தெரிந்ததுதான். அவள் ஒரே சொல்லில் பதில் சொன்னாள். நல்லது, தூங்கு என்று சொல்லி வைத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினேன். மாலையில் வீட்டுக்கு வந்தபோது உடம்பு குளிர்ந்திருந்தது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார்கள்.

ஹேரிமின் அம்மா கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நாளைக்கு அவளை அனுப்பி வச்சிடுவாங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும். மத்தியானம் அவகிட்ட பேசினீங்கல்ல. வலிக்குதுன்னு சொன்னாளா?"

இல்லை என்று சொல்லிவிடலாம்.

"தெரியல அத்தை."

"பேசினது நீங்க. தெரியலேன்னா எப்படி?"

"வலி இல்லையான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"இங்கிலீஷ்ல சொன்னா."

"எதுல சொன்னா என்ன, எம் புள்ள வாயில வந்ததுதானே. அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

கையைத் துடைக்காமல் நின்றார். விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"யெஸ்."