நத்தைக்கு மூத்த மலை

தர்மிளாவைத் தேயிலைத் தோட்டத்தில் "நத்தை படிக்கிற புள்ள" என்றுதான் சொல்வார்கள். பெரகலைக்குக் கீழே ஒற்றையறை வீடுகளாகப் பன்னிரண்டு காம்பிரா வரிசையாக நின்ற அந்த லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் அவள். உலகில் முதன்முதலாக ஓடு கட்டிக்கொண்ட உயிர்களைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. இமயமலை அடிவாரத்துச் சுண்ணாம்புக் கல்லை மெல்லிய அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைப்பாள். கல் கரைந்தபின் அடியில் தங்கும் பொடியை நுணுக்குக்காட்டியின் கீழ் பரப்பி, ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். கடுகைவிடச் சிறிய தொப்பிகள், கூம்புகள், சுருள்கள். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் ஊர்ந்தவை. நத்தைக்கும் மட்டிக்கும் கணவாய்க்கும் மூத்த உறவுகள்.

சித்திரை லீவில் வந்தபோது அவற்றின் படங்களைப் போனில் அப்பா முத்தையாவுக்குக் காட்டினாள். அவர் நெடுங்காலம் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்தில் அவர் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருந்தது. படங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, நம் மலையை உடைத்தாலும் இதெல்லாம் கிடைக்குமா என்று கேட்டார்.

"கிடைக்காதுப்பா. நம்ம கல்லு இந்த நத்தைக்கெல்லாம் மூத்தது. பூமிக்கு அடியில வெந்து இறுகிப்போன கல்லு."

அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. தேத்தண்ணிக் கடையில், கோயில் வாசலில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில்கூட அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நத்தைக்கு மூத்த மலையிலேதான் இத்தனை நாளாகக் கொழுந்து பறிக்கிறேனாம் என்று அம்மா ராமலட்சுமி போனில் மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நான்கு நாள் விடவேயில்லை. லயத்துக்கு மேலே, தேயிலைக்குள், கை நுழையும் அகலத்துக்கு நிலம் பிளந்தது. கிராம சேவகர் வந்து எல்லாரையும் பாடசாலைக்குப் போகச் சொன்னார். மற்றக் குடும்பங்கள் போயின, முத்தையா போகவில்லை. மறுநாள் காலை, தண்ணீருக்கு வழி வெட்டிவிட மண்வெட்டியோடு அவர் வெளியே இறங்கினார். ராமலட்சுமி அடுப்படியில் இருந்தாள். மேலிருந்து மண் வந்தது. லயத்தின் பாதி அடுப்படியோடு போனது; ஓரமாய் நின்ற முத்தையா தப்பினார்.

பாதைகள் உடைந்து கிடந்தன. தர்மிளா பஸ் ஏறியும் நடந்தும் வந்து சேர மூன்று நாளாயிற்று. அதற்குள் அம்மாவை எடுத்து அடக்கமும் செய்துவிட்டார்கள்.

அவர்கள் ஏன் போகவில்லை என்று பக்கத்துக் காம்பிரா தனலெட்சுமியிடம் கேட்டாள். தனலெட்சுமி முதலில் பேச்சை மாற்றிப் பார்த்தாள். தர்மிளா விடவில்லை.

"நாந்தான் கடைசியாக் கூப்பிட்டேன். அக்கா உடுப்பெல்லாம் பையில கட்டி வச்சிருந்தாங்க. 'எம் மக படிச்சவ, அவ சொல்லியிருக்கா, இந்த மலை அசையாது'ன்னாரு ஒங்கப்பா. அக்கா பையைக் கீழ வச்சிட்டாங்க."

அசையாது என்று தர்மிளா ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அசையும் என்றும் சொல்லவில்லை. பாறை எத்தனை மூத்ததானாலும், அது உக்கி உதிர்ந்த மண்தான் மேலே கிடக்கிறது. நீர் இறங்கினால் அந்த மண் நிற்காது. முதலாம் வருடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்குப் பேச்சு நத்தையைப் பற்றி இருந்ததால் அது அவள் நினைவுக்கே வரவில்லை.

பாடசாலையில், சின்னப் பிள்ளைகளின் வாங்கு ஒன்றில் முத்தையா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தர்மிளா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமலே அவர் சொன்னார்.

"ஒன் மேல பழியில்லம்மா. நீ கல்லைச் சொன்ன. நான் வீட்டுக்குன்னு எடுத்துக்கிட்டேன்."

உங்கள் மேலும் பழியில்லை என்று அவள் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கீழே வைத்த அந்தப் பை கண்ணுக்குள் நின்றது. அவள் சொல்லவில்லை.

தை மாதம் அவள் பேராதனைக்குத் திரும்பினாள். நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்ந்தால் கண் நிலைக்கவில்லை. ஒரு வாரம் பொறுக்கியதை மறுவாரம் மறுபடி பொறுக்க வேண்டியிருந்தது. முத்தையா உறவினர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்து ஓரம் தகரக் குடிசை போட்டுக்கொண்டிருந்தார். மாசியில் ஒருநாள் அவராகவே போன் எடுத்து, இந்த மண் எப்படியென்று வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். குடிசைக்குப் பின்னால் சரிவில் ஏறி, சாய்ந்து நின்ற மரங்களையும் புதிதாய் ஊற்றெடுத்த இடத்தையும் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"இங்க இருக்கவேணாம்ப்பா."

முத்தையா ஏன் என்று கேட்கவில்லை. பண்டாரவளையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவோம் என்றார். வெயில் நன்றாகக் காய்ந்த நாள் அது. அவர் முன்னால் இறங்கினார். பாதை வழுக்கும் இடத்தில் தர்மிளா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதை அப்போதும் அவளால் சொல்ல முடியவில்லை.