துறைக்குச் சொந்தமான கோபம்

எங்கள் பல்கலைக்கழகத்தின் நடனத் துறையில் கோபம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேண்டுபவர்கள் ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மாலை நாலு மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மற்ற எட்டு ரசங்களுக்கும் பஞ்சமில்லை. சிரிப்பு இரண்டு டஜன் இருந்தது, அழுகை மூன்று டஜன். பயத்தை மட்டும் ஆளுக்கு இரண்டாகக் கொடுப்பார்கள். கோபம் துறை தொடங்கிய வருஷம் வாங்கியது என்றும், அதன் பிறகு இன்னொன்று வேண்டுமென்று யாரும் எழுதிக் கேட்கவில்லை என்றும் ஸ்டோர் கீப்பர் சகாயராஜ் சொல்வார்.

முதுகலையில் நாங்கள் பதினாலு பேர். சேர்ந்த அன்றே எங்களுடைய சொந்த உணர்ச்சிகளை டி.சி., மதிப்பெண் பட்டியல்களோடு அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தோம். ஒரிஜினல்களைப் படிப்பு முடிந்த பிறகுதான் தருவார்கள். அதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்பதற்கு எது வேண்டுமோ அதைத்தானே ஒப்படைத்திருந்தேன். இப்போது அது என்னிடம் திரும்பி வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நடுவில் எங்காவது குரல் உயர்ந்தால் யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

துறைத் தலைவர் முனைவர் பத்மலோசனி. எட்டு வருஷமாகக் கோபம் அவரிடமே இருந்தது. பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே வாங்கிய தேதி இருக்கும், திருப்பிய தேதி இருக்காது. வீட்டுக்கும் எடுத்துப் போவார். காலையில் காரை விட்டு இறங்கும்போதே வாட்ச்மேனிடம் அதைப் பயன்படுத்த ஆரம்பித்துவிடுவார். எங்களுக்குக் கரும்பலகையில் ஒரு முகத்தை வரைந்து, புருவம் இங்கே, கன்னம் இங்கே என்று கோடு போட்டுக் காட்டினார்கள். இரண்டு வருஷமும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கோபம் படித்தோம்.

இறுதியாண்டில் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு நடனம் அமைக்க வேண்டும். நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். அதற்காகப் பெண்கள் நிற்கிற நிற்பு, குடத்தை இடுப்பில் ஏற்றுகிற வேகம், முழங்கையால் இடித்து இடம் பிடிப்பது, ஹோஸ் தன் பக்கம் வரும்போது முகத்தில் வருகிற மாற்றம், இவற்றைப் பதினெட்டு நிமிஷ நடனமாக அமைத்தேன். ஏழு மாதம் ஆயிற்று. இரண்டு முறை முழங்காலில் நீர் கட்டியது. அதில் வருகிற முழங்கை என் அம்மாவுடையது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவரை லாரிக்கு அனுப்பிவிட்டு, பின்னால் நின்று பார்த்து எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரியில் ஒருநாள் எங்களுக்குச் சிரிப்பு வகுப்பு. ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தோம். இரண்டரை மணிக்குத் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் டில்லி விழா ஒன்றின் அழைப்பிதழ் இருந்தது. என் நடனம்தான். 'கருத்தும் அமைப்பும்: முனைவர் பத்மலோசனி' என்று அச்சாகியிருந்தது. லாரியை எடுத்துவிட்டு யமுனையைப் போட்டிருந்தார். பெண்கள் கோபியர் ஆகியிருந்தார்கள். அடவுகளில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. அம்மாவின் முழங்கை இப்போது கண்ணனுக்குப் பக்கத்தில் போக இடித்துக்கொண்டிருந்தது.

"உன் பேரப் போட இடம் பத்தல செண்பகம். உனக்குச் சம்மதந்தானே?"

என்னிடம் சிரிப்புதான் இருந்தது. நாலு மணிவரைக்கும் அதுதான். சிரித்தேன். சிரிப்பில் ஆறு வகை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாலாவது வகைவரைக்கும் போய்விட்டேன். 'மாணவி மகிழ்ச்சியுடன் சம்மதித்தார்' என்று அவர் கோப்பில் எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். சிரித்துக்கொண்டே போட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நேரே ஸ்டோருக்குப் போய்ச் சிரிப்பைக் கொடுத்துவிட்டுக் கோபம் கேட்டேன். சகாயராஜ் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். உரிய வழியாக விண்ணப்பித்தால் கிடைக்கலாம் என்றார். உரிய வழி துறைத் தலைவர்தான். 'பொருள்: கோபம் வழங்கக் கோருதல்' என்று எழுதினேன். யார்மீது என்ற இடத்தில் 'தங்கள்மீது' என்று நிரப்பினேன். அவர் அதைப் படித்துவிட்டு, நான் கேட்ட அதே கோபத்தைக் கொண்டு என்னை நாற்பது நிமிஷம் திட்டினார். பிறகு ஓரத்தில், தேர்வன்று வழங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அலுவலகத்தில் போய் என்னுடைய சொந்தக் கோபத்தைக் கேட்டேன். ஒரிஜினலைத் தர விதி இல்லை, வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எடுத்தேன். மெஷினில் மை குறைவு போலிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனபோது, சளி பிடித்திருக்கிறதா என்று தோழி கேட்டாள். அத்தாட்சிக் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது என்றும், அந்தக் கையெழுத்தைத் துறைத் தலைவர்தான் போட வேண்டும் என்றும் பிறகு சொன்னார்கள்.

ஆகவே தேர்வுக்காகக் காத்திருந்தேன். தேர்வன்று மட்டும் துறைத் தலைவர் கோபத்தைக் கழற்றித் தந்தாக வேண்டும். அசுரவதம் ஆடிக் காட்ட ஆளுக்கு ஏழு நிமிஷம். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருப்பார். துறைத் தலைவர் அவர் பக்கத்தில் நாற்காலியில் இருப்பார். அந்த ஏழு நிமிஷத்தில் நான் அசுரனைக் கொல்லப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என் நடனத்தைத் திருடியவர் இவர்தான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப் போகிறேன். பட்டம் போனால் போகட்டும்.

என் முறை பதினாலாவது. எனக்கு முன்னால் பதிமூன்று பேர் அசுரனைக் கொன்றுவிட்டு வந்தார்கள். நான் போட்டுக்கொண்டபோது கோபம் நன்றாகச் சூடாக இருந்தது. கழுத்துப் பக்கம் தேய்ந்திருந்தது. துறைத் தலைவரின் பவுடர் வாசனை அடித்தது. அரங்கின் நடுவில் நின்று நாற்காலியை நோக்கித் திரும்பினேன்.

கழுத்து அந்தப் பக்கம் வரவில்லை. வாசலை நோக்கித் திரும்பிக்கொண்டது. அங்கே துப்புரவு வேலை செய்யும் ராக்கம்மா வாளியோடு நின்றுகொண்டிருந்தார்.

"பரீட்சை நடக்குறது கண்ணுக்குத் தெரியல? யாரு உன்ன உள்ள விட்டா?"

என் வாயிலிருந்துதான் வந்தது. ராக்கம்மா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் மறுபடி நாற்காலிப் பக்கம் திரும்பப் பார்த்தேன். கோபம் மிருதங்கக்காரர் உமாபதியிடம் போய், இதுதான் தாளமா என்று கேட்டது. அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பிறகு ஜன்னலோரம் நின்ற முதலாண்டுப் பிள்ளைகளிடம் வருகை நாட்களைப் பற்றிக் கேட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு முறை அதை நாற்காலியின் பக்கம் இழுத்தேன். நாலு முறையும் அது நாற்காலிக்குக் கீழே கிடந்த செருப்புவரைதான் போயிற்று. எட்டு வருஷம் தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடமே போய்ப் பழகிய கோபம் அது. மேலே போகிற வழியே அதற்குத் தெரியவில்லை.

துறையின் பாணி சிந்தாமல் சிதறாமல் வந்திருக்கிறது என்று தேர்வாளர் பாராட்டி, தொண்ணூற்று நாலு போட்டார். துறைத் தலைவர் கை தட்டினார். நான் இவ்வளவு நாள் காத்திருந்தது இந்த அசிங்கத்துக்குத்தான்.

ராக்கம்மா பின்பக்கக் குழாயடியில் இருந்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ என்னம்மா செய்வ. கொரலு மட்டுந்தான் உன்னுது. வார்த்தையெல்லாம் எனக்கு மனப்பாடம்," என்றார்.

கோபத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதைத் தட்டி உதறிக் கொடியில் காயப்போட்டார் சகாயராஜ். பதினாலு பேர் வேர்வையும் அதில் இருந்தது. அவருக்குப் பின்னால் பிரிக்காத அட்டைப்பெட்டிகள் இருந்தன. அருவருப்பு என்றார். நாற்பது வாங்கினார்களாம். தேர்வில் அதிலிருந்து கேள்வி வருவதில்லை என்பதால் ஒருவரும் தொட்டதில்லை. யாரும் தொடாதது என்றால், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதற்கு யாரும் பழக்கியிருக்க முடியாது. ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

துறைத் தலைவர் அறையில் தனியாக இருந்தார். கோபம் இன்னும் காய்ந்து வரவில்லை. போய் எதிரே நின்று பார்த்தேன். அழைப்பிதழைப் பார்த்தேன், அதன்மேல் இருந்த அவர் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். கழுத்து நான் சொன்ன இடத்துக்கெல்லாம் வந்தது.

"அது எங்கம்மாவோட முழங்கை, மேடம்," என்றேன்.

அவர் முதலில் சிரிப்பை எடுத்தார், நிற்கவில்லை. கருணை, வீரம், வியப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முப்பது வருஷம் ஆடியவர், எட்டும் அவருக்கு அத்துப்படி. ஒன்றும் முகத்தில் ஒட்டவில்லை. கடைசியில் வேறொன்று வந்தது. அது ஒன்பதில் கிடையாது. அவமானத்தை எந்தப் பருவத்திலும் பாடமாக வைக்கவில்லை. அவர் அதைப் போட்டுக்கொள்ளத் தெரியாமல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் சகாயராஜ் கோபத்தை மடித்து எடுத்துக்கொண்டு வந்தார். துறைத் தலைவரின் முகத்தைப் பார்த்தார். துறைக்குள் புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே பதிய வேண்டும் என்று சொல்லிப் பதிவேட்டைக் கொண்டுவந்து, கடைசி வரியில் பத்து என்று எண் போட்டு, பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார். துறைத் தலைவர் போட்டார். சகாயராஜ் படித்துவிட்டு, மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே மாதிரிதான் வந்தது. செண்பகவல்லி என்று என் முழுப்பெயரை எழுதியிருந்தார். கடைசி எழுத்தை நான் இழுத்துவிடுகிற மாதிரியே இழுத்துவிட்டிருந்தார்.

"சரி, இதுவே இருக்கட்டும்," என்று சகாயராஜ் ஒப்புக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கையெழுத்துதான். டில்லிக்குப் போன படிவத்திலும் அப்படியே போட்டிருந்தார். விழா மேடையில் செண்பகவல்லி என்று அழைத்தார்களாம். அவர்தான் எழுந்து போய் வணங்கியிருக்கிறார். யமுனை யமுனையாகவே இருந்ததாம். லாரியைத் திரும்பக் கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை நான் விடப்போவதில்லை.

நான் ஒரிஜினல்களை வாங்கிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்துவிட்டேன். துறையின் தாள்கள் எல்லாம் இந்தக் கையெழுத்தில் போவதால், விடுப்பு விண்ணப்பங்கள் இப்போது தபாலில் எனக்கு வருகின்றன. பிள்ளைகள் ஒருநாள், இரண்டு நாள் என்று கேட்டால் கொடுத்துவிடுகிறேன். பத்மலோசனி மேடம் இதுவரை ஆறு முறை மருத்துவ விடுப்புக் கேட்டிருக்கிறார். ஒன்றையும் நான் அனுமதிக்கவில்லை.