மூணாம் மாடியின் மாப்பிள்ளை

அபாய மணி அலறியபோது நான் நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று போட்டிருக்கிறது. மின்விசிறியும் நிர்வாகத்தில்தான் சேர்த்தி. பதறி இறங்கியதில் துணி ஒரு பக்கம் விழுந்தது, நான் ஒரு பக்கம் விழுந்தேன். எதிர் மேசையில் இருந்த புகார் அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

“தீ எல்லாம் இல்ல சார். யாரோ யாரையோ திட்டியிருக்காங்க” என்றார்.

எங்களுடையது துணை தேடித் தரும் இணையதளம். பெயர் ‘கைகோர்’. டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே ஒரே அறை. நாள் முழுக்கக் கீழே ஒருவர் “பிரேக், பிரேக்” என்று கத்துவார். மேலே நாங்கள் ஜோடி சேர்ப்போம். நான்தான் முதலாளி. உறுப்பினர்களின் புகார்களைக் கேட்கும் புகார் அக்காதான் அலுவலகம். அவர் இருபது வருடம் ஒரு பஸ் கம்பெனியில் தொலைந்த பெட்டிகளின் பிரிவில் இருந்தவர். இங்கே வேலைக்கு வந்த அன்று, அங்கே பெட்டி, இங்கே ஆள், மற்றபடி வேலை ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்காதீர்கள். ஒருமுறை சோதனைக்காக என் விவரத்தையும் என் மனைவியின் விவரத்தையும் தளத்தில் போட்டுப் பொருத்தம் பார்த்தேன். நூற்றுக்குப் பதினேழு வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மணி விஷயத்துக்கு வருகிறேன். உறுப்பினர் எழுதும் கடிதத்தில் வசவுச் சொல் இருந்தால் அது போய்ச் சேராமல் என் மேசையில் வந்து நிற்கும். அந்த இருவரின் மற்ற கடிதங்களும் கூடவே எனக்குத் தெரியும். படித்துப் பார்த்து, விடுவதா நிறுத்துவதா என்று நான் முடிவு செய்ய வேண்டும். ஒரே கடிதத்தில் மூன்றுக்கு மேல் வசவு இருந்தால் மணி அடிக்கும். மணி என் யோசனைதான். ஒரு வருடமாக அது அடித்ததே இல்லை. உறுப்பினர்கள் எல்லாரும் மரியாதைக்காரர்கள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். யாரும் யாருக்கும் எழுதுவதே இல்லை என்பது புகார் அக்காவின் கட்சி.

முதுகைத் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். ‘மூணாம் மாடி’ என்ற புனைபெயரில் ஒரு பெண்மணி, வயது அறுபத்து மூன்று, ‘கடிகாரம்’ என்பவருக்கு எழுதியிருந்தார்:

“உங்க மகன் சோம்பேறின்னு எழுதியிருந்தீங்க. எங்க வீட்டு மாப்பிள்ளையைப் பார்த்தா உங்க மகனைத் தலையில தூக்கி வெச்சுக்குவீங்க. சரியான மண்டு. வடிகட்டின தண்டம். குழாய் சொட்டுதுன்னு சொன்னதுக்கு ஸ்பானரை எடுத்துக்கிட்டுக் கிளம்பினார். மூணு நாள் கீழ்வீட்டுக்காரர் குடை பிடிச்சுக்கிட்டுச் சமைச்சார். ஆளைக் கூப்பிடுங்கன்னா, ‘சின்ன வாஷர்தான், சின்ன வாஷர்தான்’னு அந்த மடையர் உளறிக்கிட்டே நிக்கிறார். முட்டாளுக்குத் தான் முட்டாள்னு தெரியறதும் ஒரு அறிவுதானே, அதுவும் இல்ல.”

வாய்விட்டுச் சிரித்தேன். புகார் அக்காவுக்கும் படித்துக் காட்டலாம் என்று வாயைத் திறந்தவன், ‘சின்ன வாஷர்தான்’ என்ற இடத்தில் அப்படியே நின்றேன். அந்தக் குழாய் என் வீட்டுக் குழாய். வாஷர் இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. நாங்கள் குடியிருப்பது மூன்றாம் மாடி.

என் மாமியார் எங்களோடு வந்து நான்கு வருடம் ஆகிறது. மாமனார் போனபின் வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரோடு பேசிய வாய், இப்போது ஜன்னல் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது. என்னிடம் எப்போதும் “மாப்ளே, மாப்ளே” என்று உருகுவார். “பாவம், எவ்வளவு உழைக்கிறீங்க” என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். மூன்று வாரமாக ஒரு மாற்றத்தைக் கவனித்திருந்தேன். தனக்குள் பாடிக்கொண்டார். புதுக் கண்ணாடி வாங்கினார். பழைய கண்ணாடியில் போனில் யார் பெயர் வருகிறது என்றுகூடத் தெரியாதவர். அது எதற்கு என்று இப்போது புரிந்தது.

வசவுக் கடிதங்கள் என்னிடம் வருவது வீட்டில் யாருக்கும் தெரியாது. “தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கிறேன்” என்று கெத்தாகச் சொல்லி வைத்திருந்தேன். மனைவியிடம் விஷயத்தைச் சொல்லலாமா என்றால், உறுப்பினர் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்று சுவரில் எழுதி மாட்டியவனே நான்தான். அதற்குக் கீழே இரண்டாவது விதி: ‘உங்கள் எழுத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டோம்.’ அதையும் நான்தான் எழுதினேன்.

கடிதத்தை அனுப்பினேன். பிறகு வாரத்துக்கு மூன்று நான்கு வந்தன. எல்லாமே காலை பதினொரு மணி வாக்கில் வரும். எல்லாவற்றிலும் நான் இருந்தேன். நான் குடையை மறந்துவிட்டு வந்த இடங்களின் பட்டியல். நான் பாடுவது. நான் காரைப் பின்னால் எடுத்து எங்கள் தபால் பெட்டியையே இடித்தது. ஒவ்வொன்றையும் படித்து, ‘ஆட்சேபணை இல்லை’ என்ற பொத்தானை நானே அழுத்த வேண்டும். சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு ஆபீசும் போட்டு மணியும் கட்டியவன் நான் ஒருவன்தான்.

அந்தப் பக்கம் கடிகாரம் மயங்கிப் போயிருந்தார். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர், மனைவியை இழந்தவர், ஒரே மகன். மகனைப் பற்றி அவர் ஒன்று எழுதுவார். என்னைப் பற்றி இவர் இரண்டு எழுதுவார். யார் வீட்டுத் தண்டம் பெரிய தண்டம் என்று போட்டி நடந்தது. நான் தோற்கவே இல்லை.

வீட்டில் மாமியார் சிரித்தார். அம்மா சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று என் மனைவி ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு மூலப்பொருள் நான்தான் என்று நினைத்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நான்காவது வாரம் கடிகாரம், சனிக்கிழமை மாலை பூங்கா வாசலில் சந்திக்கலாமா, அதற்குமுன் உங்கள் வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு மணி அடித்த அடியில் கீழே டிரைவிங் ஸ்கூலில் யாரோ நிஜமாகவே பிரேக் போட்டார்கள். சனிக்கிழமை வருகிறேன் என்று முதல் வரி. பாக்கிப் பதினான்கு வரியும் நான். கடைசியில், ‘இந்த மூஞ்சிக்கு எங்க பொண்ணு கிடைச்சதே அதிசயம்.’

உழைப்பைச் சொன்னீர்கள், பொறுத்தேன். அறிவைச் சொன்னீர்கள், பொறுத்தேன். மூஞ்சி என்பது வேறு விஷயம். சனிக்கிழமை நேரில் பார்த்து, நாளைக்கு உறவாகவே வீட்டுக்கு வரப்போகிற மனுஷர். அவர் மனதில் நான் எப்படிப் பதிய வேண்டும்? எழுதியவர் பக்கத்தில் அவர் எழுதியது அப்படியேதான் இருக்கும். போய்ச் சேருகிற பிரதியில் கை வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பதினான்கு வரியையும் அழித்துவிட்டு, ‘எங்க மாப்பிள்ளை தங்கமானவர். கடும் உழைப்பாளி. வீட்டில் எந்தக் குறையும் இல்லை’ என்று அடித்தேன். கை நிற்கவில்லை. ‘பார்க்கவும் லட்சணமாக இருப்பார்’ என்று சேர்த்தேன். அனுப்பினேன்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு மாமியார் கிளம்பினார். பழைய சிநேகிதியைப் பார்க்கப் போவதாக என்னிடம் சொன்னார். நல்ல புடவை, புதுக் கண்ணாடி. ஏழு மணிக்குத் திரும்பி வந்தார். சிநேகிதி வரவில்லையாம். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். விளக்கைப் போட்டேன், வேண்டாம் என்றார். அடுத்த நாளும் அங்கேதான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் பெட்டியில் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை, அடுத்த நாள், அதற்கடுத்த நாள். கடிகாரத்திடமிருந்து எதுவும் வரவில்லை. மணியும் அடிக்கவில்லை. அந்த மணிக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வியாழக்கிழமை புகார் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கடிகாரம் தன் கணக்கை மூடச் சொல்லி எழுதிய கடிதம். நம்மைப் போல வீட்டில் ஒட்டாமல் இருக்கிற ஒருவர் என்று நினைத்துப் பழகிவிட்டதாகவும், இப்போது பார்த்தால் அந்த அம்மா வீட்டில் எந்தக் குறையும் இல்லை என்றும், நன்றாக இருக்கிற வீட்டிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டுத் தன் தனிமையைப் பங்கு போடுவது பாவம் என்றும் எழுதியிருந்தார்.

“கணக்கை மூடுறதுக்கு முன்னாடி காரணம் பார்க்கணும்ல சார், பார்த்தேன்” என்றார் புகார் அக்கா. “கடைசிக் கடிதத்துல ‘திருத்தியவர்: நிர்வாகி’ன்னு காட்டுது. நம்ம நிர்வாகி நீங்க ஒருத்தர்தானே?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“மத்ததுகூடப் புரியுது சார். அந்த ‘லட்சணம்’ எதுக்கு?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் வலித்தது. பெட்டிப் பிரிவில் ஒரு விதி உண்டாம். பெட்டியை மாற்றிக் கொடுத்தவன், தானே தூக்கிக்கொண்டு போய் உரியவரிடம் கொடுக்க வேண்டும். கடிகாரத்திடம் நேரில் போங்கள் என்றார். மூணாம் மாடிக்கு மன்னிப்புக் கடிதம், எழுதியது என்ன, திருத்தியது என்ன என்று இரண்டையும் போட்டு, நிர்வாகி கையெழுத்தோடு. அந்த அம்மா நேரில் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிறகு அனுப்பினால் போதும் என்று அந்த ஒரு சலுகை மட்டும் கொடுத்தார்.

கடிகாரக் கடை இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்கும் அளவு. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒல்லியான ஒரு பெரியவர் இருந்தார். சுவரில் நாற்பது கடிகாரமாவது ஓடியிருக்கும். நான் யார் என்று சொல்லாமல், தளத்திலிருந்து வருவதாகவும் அவருக்கு வந்த கடிதம் மாற்றப்பட்டது என்றும் சொல்லி, அசல் பதினான்கு வரியை நீட்டினேன். அவர் படிக்க ஆரம்பித்தார். நான் நிம்மதியாக மூச்சு விட்டு, மேசை விளிம்பில் கையை ஊன்றினேன். ஊன்றியது திருகாணித் தட்டின் விளிம்பு.

அத்தனை சிறிய திருகாணிகள் உலகத்தில் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் தரையில் முழங்காலிட்டு, காந்தத்தை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடினோம். எழுந்திருக்கும்போது சுவரில் தலையை இடித்துக்கொண்டேன். நாற்பதில் ஒரு கடிகாரம் நின்றது.

பெரியவர் தரையில் உட்கார்ந்தபடியே என்னை அந்தக் கண்ணாடி வழியாக நிதானமாகப் பார்த்தார்.

“அந்தக் குழாய் நீங்கதானா தம்பி?”

ஆமாம் என்றேன்.

“அவங்க கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதியிருக்காங்க” என்றார். பிறகு சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அந்தப் பூங்கா வாசலுக்குத் தான் போனதாகவும், எதிர்ச் சாரியில் நின்று, கண்ணாடி போட்ட அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடக்காமல் திரும்பியதாகவும் அப்போதுதான் சொன்னார். இந்தச் சனிக்கிழமை கடந்துவிடுவதாகச் சொன்னார். அன்றைக்கே எழுதியும் விட்டார். மறுநாள் வீட்டில் கண்ணாடி பெட்டியிலிருந்து வெளியே வந்திருந்தது.

சனிக்கிழமை நாலு மணி. மாமியார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “கதவைத் தாழ் போட்டுக்குங்க மாப்ளே. வாரம் பூரா ஓடுறீங்க, இன்னைக்காவது படுத்துத் தூங்குங்க” என்றார். பதினான்கு வரி எழுதிய கை, என் தோளைத் தட்டிக் கொடுத்தது. நடிப்பென்றால் இதுதான் நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. ஏழு மணிக்கு அவர் திரும்பவில்லை. ஏழரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெரு முனையில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். மாமியார் கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்தார். பெரியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பற்றித்தான் இருக்கும். இருக்கட்டும்.

சோபாவில் உட்கார்ந்து போனை எடுத்தேன். புகார் அக்கா சொன்னபடி எழுதிய மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. அசல் பதினான்கு வரி, அதன் கீழே என் நாலு வரி, அதன் கீழே என் கையெழுத்து. மாமியார் வீட்டுக்கு வந்து படிக்கட்டும், நானும் இனி ஒளிய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

எங்கள் தளத்தில் கடிதம் வந்தால் ஒரு சின்ன மணி, கிணுங் என்று ஒலிக்கும். அந்த ஒலியையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். அது தெரு முனையில் ஒலித்திருக்க வேண்டும். ஒலித்தது எங்கள் சமையலறையில்.

என் மனைவி மருந்துக் கடையில் மாலை ஷிப்ட் பார்ப்பவள். காலையில் வீட்டில் இருப்பாள். அன்று விடுமுறை. அடுப்பைத் தணித்துவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தாள். நின்றபடியே படித்தாள். பதினான்கு வரியையும் படித்தாள், நாலு வரியையும் படித்தாள். கையெழுத்து வந்ததும் போனைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு கரண்டியை எடுத்தாள், கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். அந்தக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“அம்மாவுக்கு டைப் பண்ணவே தெரியாதுங்க. ‘மாப்பிள்ளை தங்கமானவரு, ரொம்ப உழைக்கிறாரு’ன்னுதான் அவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க, நான்தான் மாத்தி அடிச்சேன்... ஆனா அந்த ‘லட்சணம்’ மட்டும் அவங்களும் சொல்லலை.”